ஒரே ஒரு பார்வையாளர்

திரையில் மகளின் இமைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. தொட்டிலுக்கு எதிரே அவன் மாட்டியிருந்த மட்டமான கேமராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிவிட்ட அலுவலகத்தில், ஏசியின் உறுமலுக்கும் யாரோ பாதி குடித்துவிட்டுப் போன காபியின் புளித்த வாடைக்கும் நடுவே, அவன் மட்டும் நேரலையைச் சோதித்துக்கொண்டிருந்தான். பார்ப்பவர்களே படத்தைத் துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. இணைய லைன் மெலிந்தால் படத்தின் தரம் தானாக இறங்கும், தேறினால் ஏறும். சோதனைக்கு வேறு படம் தேடச் சோம்பல்பட்டு, வீட்டுத் தொட்டில் கேமராவின் படத்தையே நேரலையில் விட்டிருந்தான் அந்தப் புத்திசாலி. முந்தாநாள் வேலை முடிந்ததும் அதை மூட மறந்துபோனான்.

இப்போது பார்வையாளர் ஒருவர் இருந்தார். ஊர் பேர் தெரியாத ஒருவர். அவர் பார்ப்பதோடு நிற்கவில்லை, கொடுத்துக்கொண்டும் இருந்தார். கேமரா அனுப்பாத தெளிவெல்லாம் அவரிடமிருந்துதான் வந்தது.

அவரை வெளியேற்றினான், மறு நொடியே ஒட்டிக்கொண்டார். நேரலையை மூடினான், அது நிற்கவில்லை. கடைசியில் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. மகளின் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்தது. மூக்கு போனது. வாய் போனது. அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க... பாப்பாவுக்கு வாயக் காணோங்க. மூக்கையும் காணோம். தடவிப் பாத்தேன், வழவழன்னு இருக்கு. மூச்சு விட முடியாம துடிக்கிறா!"

தரத்தை ஏற்றினான். ஏறவில்லை. வீட்டு இணைய லைன் செத்துக் கிடந்தது. கேமராவிலிருந்து ஒரு துண்டும் வரவில்லை. கொடுக்க ஒருவர்தான் இருந்தார்.

'அவரிடமிருந்து எடுக்கவா?' என்று திரை கேட்டது. அவனே எழுதி வைத்த கேள்வி.

"உடம்பு நீலமாவுதுங்க! எதாவது பண்ணுங்க!"

அழுத்தினான். பெற்றவன் வேறென்ன செய்வான்?

நெற்றி வந்தது. மூக்கு. உதடு. துளி மங்கல் இல்லை.

"வந்துடுச்சுங்க!" மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "மூச்சு விடுறா. என் தங்கம், கண்ணத் தொறந்துட்டா!"

பார்வையாளர் போய்விட்டார். திரையில் எண்ணிக்கை பூஜ்யம், படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தூக்காதே என்று கத்த நினைத்தான்.

அதற்குள் அவள் வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தலை இன்னும் நிற்காத மூன்று மாதக் குழந்தை, அம்மாவின் கழுத்தோரத்திலிருந்து மெல்லத் தலையை நிமிர்த்தி, கேமராவைத் தேடிப் பிடித்து, அவனைப் பார்த்துச் சிரித்தது. வாய் நிறையப் பற்கள்.