பால், பாட்டு, தூக்கம், மாமா

தூறல் விட்டபாடில்லை. நனைவதற்குள் துண்டுகளை எடுத்துவிடலாம் என்று குழந்தைகள் காப்பகத்தின் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விளையாட்டுக் கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே, வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் கையை ஊன்றி, முட்டி போட்டு, தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான்!

"யாருங்க அது?"

"உஷ்ஷ்... கத்தாதீங்க. நான் திருடன் இல்ல. மாமா."

"யாருக்கு மாமா?"

"பட்டாணிக்கு. இன்னைக்குத்தான் கொண்டுவந்து சேத்தேன். அவ பொம்மையப் பாத்துட்டு இருக்கா... ஜன்னல் வழியா என்னைப் பாத்துட்டா அழுவா. அதான் இப்படியே கேட் வரைக்கும்..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் இருந்த குற்றவுணர்ச்சியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமா இது?

"எழுந்திரிங்க முதல்ல. இப்படித் தெரியாம நழுவிப் போனா என்ன ஆகும் தெரியுமா? அது நாள் முழுக்க விளையாடாது. அடுத்து யார் நழுவுவாங்கன்னு கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கும். உள்ள போய், போயிட்டு வரேன்னு சொல்லிட்டு, முன்பக்கமா மனுஷன் மாதிரி நடந்து போங்க."

"அது மட்டும் சொல்ல முடியாதுங்க."

"ஏன், வாய் வலிக்குமா?"

அவன் முட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டான்.

"அவங்க அம்மாவும் அப்பாவும் அதச் சொல்லிட்டுத்தான் போனாங்க... எங்க அக்கா. போன வருஷம். வண்டி... திரும்பி வரல. அந்த வார்த்தையைக் கேட்டா பட்டாணி என் சட்டையைப் பிடிச்சிக்குவா. விடவே மாட்டா."

அவள் துண்டுகளை அப்படியே கொடியில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

குழந்தைகள் அவளைச் சிட்டு மிஸ் என்பார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ அழுகையைப் பார்த்திருக்கிறாள்... இது வேறு மாதிரி. உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். மூன்று வயதுப் பட்டாணி, கழற்றிய செருப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பொம்மை ஒரு மூலையில் கிடந்தது.

"சரி, அந்த வார்த்தை வேண்டாம். நான் சொல்றதச் சொல்லுங்க" என்று அவனை உள்ளே இழுத்து வந்தாள்.

அவன் குழந்தையின் முன்னால் குந்தினான். சொல்லிக்கொடுத்ததை, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி ஒப்பித்தான். "பட்டாணி... முதல்ல பால். அப்புறம் பாட்டு. அப்புறம் தூக்கம். அப்புறம் மாமா."

"தூக்கம்... அப்புறம் மாமா?"

"அப்புறம் மாமா."

பட்டாணி அழத்தான் செய்தது. ஆனால் பால் வந்ததும் விரலை மடக்கியது. பாட்டு முடிந்ததும் இன்னொரு விரல். தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கும்போது, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு மாமா நின்றான். அன்றுதான் செருப்பு மார்பிலிருந்து காலுக்கு இறங்கியது.

அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்து, பிரேம் பொருத்திக் கொடுப்பான். பட்டாணி எழுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் கெஞ்சி, மதியச் சாப்பாட்டை வேலைக்கு நடுவிலேயே விழுங்கிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வருவான். காப்பகத்துச் சமையலக்கா அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

"சிட்டு, உன் கண்ணாடி வந்திருச்சு. போய் முகத்தைப் பாத்துட்டு வா."

"என்னோடதா? அக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

கடையில் நாளெல்லாம் ஊரார் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவன், அவளிடம் பேசும்போது மட்டும் தரையைப் பார்ப்பான்.

"இன்னைக்குப் பட்டாணி என்ன பண்ணா மிஸ்?"

"புதுசா வந்த பையன் அழுதான். உங்க ஆளு பக்கத்துல உக்காந்து, முதல்ல பால்னு பாடம் எடுத்தா. என்ன, தரையில என்னத்தைத் தேடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல... உங்களுக்கு இடது கண்ணு சிரிக்கும்போது கொஞ்சம் சின்னதாகும். தொழில் பழக்கம், கண்ணுல பட்டுடுச்சு."

"பாக்காமலேயே பட்டுடுச்சா?"

அவன் காது சிவந்தது. அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் நின்று, தனக்குத்தானே சிரித்து, இடது கண்ணைப் பார்த்துக்கொண்டாள். பைத்தியமா எனக்கு... என்றும் நினைத்துக்கொண்டாள்.

நினைக்கக் காரணம் இருந்தது. அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் மனைவியை இழந்தவர்கள்தான். பிள்ளைகளை நல்லா பாத்துக்குமாமே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. என்னை எனக்காகக் கேட்கிற ஒருத்தன் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த வைராக்கியத்துக்கு இவன் கண்ணால் ஆபத்து வந்துவிடும் போலிருந்தது.

ஆபத்து பட்டாணியின் அத்தை வடிவில் வந்தது. அப்பா வழி அத்தை. தம்பி பிள்ளையை யார் கையிலோ விட்டு வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு, சண்டைக்குத் தயாராகவே வந்து இறங்கினாள்.

"என்ன தம்பி, வீட்டுல ஆளில்லன்னா எங்கிட்ட விடுறது? பெத்தவங்க இல்லாத புள்ளையை இப்படியா கொண்டுவந்து போடுவ?"

"போடல அண்ணி. வந்து பாருங்க."

அத்தை கூடத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். பட்டாணி தானே கையைக் கழுவி, பக்கத்துக் குழந்தைக்கும் துண்டு நீட்டி, பாட்டில் எல்லோரையும் விட உரக்கக் கத்தியது. அத்தையின் கோபம் கரைந்து, கண்ணோரம் ஈரமானது.

"வாயே திறக்காத புள்ள..." என்றவள், சிட்டு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி, பேசாம இந்தப் பொண்ணையே கட்டிக்க. புள்ளைக்கும் ஒரு அம்மா ஆச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான்...

அவன் தரையைப் பார்த்தான். "பட்டாணிக்கும் இவங்களை ரொம்பப் பிடிக்கும் அண்ணி."

அவ்வளவுதான். அவள் அத்தையிடமிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"பட்டாணிக்குப் பிடிச்ச மிஸ் இங்கதான் இருக்கேன். காலையில கொண்டுவந்து விடுங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. அதுக்குக் கல்யாணம் எதுக்கு?"

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சமையலக்கா கேள்வி எதுவும் கேட்காமல் உரித்த வெங்காயத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள். அழுவதற்கு ஒரு சாக்கு.

விடுமுறைக்குப் பட்டாணியை அத்தை தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இந்தத் தடவை குழந்தை கூடத்துக் கதவு வரை வந்து, தானே கையசைத்துவிட்டுப் போனது. அது போதும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். விடுமுறை முடியும்வரை அவன் வர வேலையில்லை. நல்லதுதான். ரொம்ப நல்லதுதான்...

திங்கட்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். தனியாக.

"பட்டாணிதான் இல்லையே. எதுக்கு வந்தீங்க?"

"கடைக்குன்னுதான் கிளம்பினேன். கால் இங்க வந்திருச்சு."

"பட்டாணிக்கு என்னைப் பிடிக்கும்னு சொல்லவா?"

"இல்லைங்க." முதல் தடவையாக அவன் நேராக அவள் கண்ணைப் பார்த்தான். "அது பட்டாணி விஷயம். அவ வந்தா அவளே சொல்லிக்குவா. நான் என் விஷயத்தைச் சொல்ல வந்தேன். அவளுக்காகத்தான் உங்களை எனக்குப் பிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. உங்களைப் பாக்கத்தான் ஓடி வந்தேன்... அவளைச் சாக்கா வச்சு. நாளைக்கே அவ இந்த மிஸ் வேணாம்னு அடம் பிடிச்சாலும், எனக்கு வேணும். அண்ணி முன்னாடி இதச் சொல்ல வெக்கம். அதான் உளறிட்டேன்."

ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவளுக்கு இத்தனை வார்த்தையா?

"எனக்கு என்ன பிடிக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. கேக்கலாம்னுதான் வந்தேன்."

அவள் கேட்டைத் திறந்து குடைக்குள் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை குழந்தைங்களே இல்லாத இடமா பாத்துக் கூட்டிட்டுப் போங்க. யார் மூக்கையும் துடைக்காம, எழுந்திருக்காம, ஒரு டீயை சூடா முழுசா குடிக்கணும். அதான் எனக்குப் பிடிக்கும். அப்புறம்..."

"அப்புறம்?"

"உங்களைப் பிடிக்கும். போதுமா? போங்க, கடை திறக்க நேரமாச்சு."

அவன் போகவில்லை. அவளும் போகச் சொல்லிவிட்டு, குடைக்கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்த அவன் கையை விடவில்லை.