மூலக்கை

பெனிட்டா தோளால் முட்டிக் கதவைச் சாத்தினாள். வலக்கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. இடக்கையால் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துப் போடுவதற்குள் பூட்ஸ் சத்தம் மாடிப்படி ஏறிவிட்டது.

"கதவு பத்து நிமிஷம் தாங்கும் மேடம்," என்றார் சார்ஜென்ட் பீர் முகமது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் தாங்குவேனாங்கிறதுதான் சந்தேகம்."

"பயமா இருந்தா ஜன்னல் வழியா போயிருங்க."

"இது ரெண்டாவது மாடி. அதுக்கு கோர்ட் மார்ஷலே தேவலை."

மணி பத்து இருபது. திருவாழித் தீவு விமானப்படைத் தளத்தின் பயிற்சி அறை அது. நடுவில் பாவனைக் கூண்டு நின்றது. ஹெலிகாப்டரின் மூக்கை மட்டும் வெட்டி வைத்தது போன்ற பயிற்சி இயந்திரம். அதன் வயிற்றுக்குள் பீர் முகமது விரல் நீள நினைவுச் சில்லு ஒன்றைச் செருகினார். பதினெட்டு நாளுக்கு முன் தளத்தின் நீர்த்தொட்டி அருகே விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. பதினோரு மணிக்கு விசாரணைக் குழு தீர்ப்பைப் படிக்கும். படித்து முடித்ததும், விதிப்படி, சில்லை அழித்துவிடுவார்கள்.

தீர்ப்பு என்ன என்பது கேன்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரிந்திருந்தது. விபத்துக்குக் காரணம், விமானியின் ஆபத்தான சாகசம்.

அந்த விமானி ஸ்குவாட்ரன் லீடர் தணிகைவேல். டீயைக்கூட நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பார். அவரும் பின்னால் உட்கார்ந்திருந்த எட்டு வீரர்களில் நால்வரும் இறந்தார்கள். மற்ற நால்வரோடு துணை விமானி பெனிட்டா பிழைத்தாள். சாகசம் செய்து செத்தவன் பெயரைத் தளத்தின் நினைவுக்கல்லில் பொறிப்பதில்லை. நான்கு பெயர்களைக் கொத்தி முடித்துவிட்டார்கள். ஐந்தாவதற்கு இடம்கூட விடவில்லை.

அந்தச் சாகசத்துக்குத் தளத்தில் பருந்துப் புரட்டு என்று பெயர். தாழப் பறந்து வந்து, மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, உச்சியில் வாலைச் சுழற்றி, வந்த வழியே கீழ்நோக்கிப் பாய்வது. பணியின் கடைசி நாளன்று விமானி தனியாகக் கிளம்பி நீர்த்தொட்டிக்கு மேல் ஒரு புரட்டுப் போடுவார். குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் குடும்பங்கள் கைதட்டும். விதிப்புத்தகத்தில் தடை உண்டு. ஆனாலும் எல்லோரும் செய்தார்கள், ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தணிகைவேலுக்கு அடுத்த மாதம் மாற்றல். ஆசைப்பட்டு முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்டார் என்று குழு முடிவு கட்டியது.

பெனிட்டா கடைசி நொடியில் அவர் சொன்னதைக் கேட்டிருந்தாள். "பெனி, கை நான் சொல்றதைக் கேக்கல."

அதிர்ச்சியில் இருக்கிறாய், ஓய்வெடு என்றது குழு.

கை என்றால் பழகுகை. விமானியின் விரல்களைத் தானே நடத்தும், பட்டுப்போல் மெல்லிய உறை. ஏழு வருடமாக அதை அணியாமல் ஒரு விமானியும் ஏறுவதில்லை. அதை உருவாக்குமுன் பன்னிரண்டு தேர்ந்த விமானிகளை இரண்டு வருடம் பதிவு உறை போட்டு ஓட்டவைத்து, அவர்களில் ஒருவரின் கைப்பழக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர்தான் மூலக்கை. அவர் யாரென்பது முத்திரையிட்ட ரகசியம், அவருக்கே சொல்லவில்லை. அவர் விரல்கள் கற்றதெல்லாம் நேற்றுச் சேர்ந்தவனின் விரலிலும் ஓடியது. விபத்துகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன.

ஒரு சின்னக் கெட்ட பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. மூலக்கைக்காரர் எதையும் தொடங்குமுன் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டுவார் போல. இப்போது படை முழுக்க இருநூறு பேர் டீ கிளாஸை எடுக்குமுன்கூடத் தட்டினார்கள். வீட்டில் கேலி தாங்கவில்லை.

கதவு அதிர்ந்தது. "பெனிட்டா, திற. இது உத்தரவு."

குழுவின் தலைவர் ஏர் கமடோர் கோதண்டராமன்.

"நீங்க மட்டும் வர்றதுன்னா திறக்கிறேன் சார். அந்த உறையைப் போட்டு அன்னிக்குப் பறந்த மாதிரி ஒரு தடவை பறந்து காட்டுங்க. எதுவும் நடக்கலைன்னா நானே போய் ஜீப்ல ஏறிக்கறேன்."

வெளியே அவர் மற்றவர்களைப் போகச் சொன்னார். பிறகு பூட்ஸ்கள் விலகின. அவர் தனியாக உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பில் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன் வேலை போச்சு. தெரியும்ல?"

"அது பதினோரு மணிக்கு மேல சார். இப்ப பத்து முப்பது."

பீர் முகமது தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கவா, பயத்தையா என்று தெரியவில்லை.

கோதண்டராமன் கூண்டுக்குள் உட்கார்ந்து உறையை மாட்டினார். தன் காலத்தில் இந்தச் சொகுசெல்லாம் கிடையாது, பதிவு உறை இருந்தாலும் சொந்தக் கையால்தான் ஓட்டினோம், பழகுகையை இன்றைக்குத்தான் முதல்முறை போடுகிறேன் என்றார். பெனிட்டா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அன்றைய வானிலையைப் பீர் முகமது ஏற்றினார். தாழ்ந்த மழைமேகம், முழு எரிபொருள், பின்னால் ஆயுதங்களோடு எட்டு வீரர்கள். மேகத்துக்குக் கீழே வரவேண்டியிருந்ததால் அன்று வழக்கமான பாதையை விட்டு, மேற்கிலிருந்து, நீர்த்தொட்டியை ஒட்டித் தாழப் பறக்க நேர்ந்தது. உறை வந்த ஏழு வருடத்தில் இறங்குவதற்காக யாரும் அந்தப் பக்கமாக அப்படி வந்ததில்லை.

"நேரா வந்து இறக்குங்க சார். வேற எதுவும் செய்ய வேண்டாம்."

திரையில் கடல் விலகியது. நீர்த்தொட்டி வளர்ந்து வந்தது. அவருடைய கட்டைவிரல் விசைத்தண்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது. அடுத்த கணம் தண்டு பின்னால் இழுபட்டது. மூக்கு வானத்தைப் பார்த்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை எதிர்த்திசையில் தள்ளப் பார்ப்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. உறை நயமாக, உறுதியாக அவர் விரல்களை அழைத்துப் போனது. உச்சியில் வால் சுழன்றது. கீழ்நோக்கிப் பாய்ந்தபோது எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து இழுத்தது. மீண்டெழ உயரம் போதவில்லை.

திரை சிவந்து நின்றது.

கோதண்டராமன் உறையைக் கழற்றினார். நெற்றி வியர்த்திருந்தது.

"இது முடியாது," என்றார். "மூலக்கை விதிப்படி நடந்த பயணங்களை மட்டும்தான் கத்துக்கிச்சு. பறப்பேட்டில 'இயல்பு'ன்னு விமானி எழுதிக் கையெழுத்துப் போட்டதை மட்டும்."

"அப்படின்னா யாரோ இதைச் செஞ்சுட்டு 'இயல்பு'ன்னு எழுதியிருக்காங்க சார். பொறி நம்பிடுச்சு. தனியா, கால் டேங்க் எரிபொருளோட போட்ட புரட்டு. அதே பக்கமா தாழ வந்ததும் அதையே எட்டு பேரோடயும் போட்டுடுச்சு."

அவர் சிவந்த திரையையே பார்த்தார். பிறகு கோபம் வந்தது. நேர்மையான கோபம்தான், பெனிட்டாவுக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரு நாள் வேடிக்கைக்கு அஞ்சு உசுரு. அவன் எவனா இருந்தாலும் சரி. அறிக்கையில தணிகைவேல் பேரை அடிச்சிட்டு அவன் பேரை நானே எழுதறேன். என் கையால."

"வேற ஒரு வரியும் மாத்த வேண்டாம் சார். காரணம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பேர் மட்டும்தான் தப்பு."

அவள் தலையசைக்க, பீர் முகமது திரையில் ஒரு வரியைப் பெரிதாக்கினார். சில்லில் மூலக்கையின் பெயர் இல்லை. ஆனால் அந்தப் புரட்டு எந்தப் பயணத்திலிருந்து கற்றது என்பதற்குத் தேதி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய மார்ச் முப்பத்தொன்று. அதைக் கண்டதும் கோதண்டராமனின் முகம் லேசாக மாறியது.

பீர் முகமது காலடியில் கிடந்த கான்வாஸ் பையிலிருந்து பழுப்பேறிய பறப்பேட்டை எடுத்து, நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினார். ஸ்டோர் ரூமில் மூன்று நாள் தேடியதில் அவருக்கு இன்னும் தும்மல் நிற்கவில்லை.

அதே தேதி. விமானி தனியாக. எரிபொருள் கால் பங்கு. நோக்கம், பறக்கும் பணியிலிருந்து விடைபெறும் கடைசிப் பயணம். குறிப்பு: இயல்பு.

கோதண்டராமனின் கட்டைவிரல் அந்தத் தாளின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, அப்படியே நின்றுபோனது.

பெனிட்டா இடக்கையால் பேனாவை நீட்டினாள். "உங்க கையாலன்னு சொன்னீங்க சார்."

குறிப்புக்குக் கீழே, மை சற்றும் மங்காமல், கோதண்டராமன் என்று கையெழுத்து இருந்தது.