பரிவட்டம் கட்டிய நேரம்

போன் அடித்தது.

காலை ஆறரை. இன்ஸ்பெக்டர் சமுத்திரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஜமீன் பங்களா கிணத்தடியில வாட்ச்மேன் சங்கையா கெடக்காரு. நெத்தியில ரத்தம். மூச்சில்ல…"

பேசியது ஏட்டு ஜெபக்குமார். சமுத்திரத்துக்கு அலுப்பாக வந்தது. இந்த ஜமீன் இன்னும் எத்தனை பேரைத் தின்னும்?

சோழபுரத்துக்கு மேற்கே இருக்கும் ஜமீன் அது. கடைசி நாச்சியார் பிள்ளையில்லாமல் கண்ணை மூடி ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் மதுரையிலிருந்து உக்கிரபாண்டி வந்து இறங்கிவிட்டார்.

நாச்சியாரின் புருஷனுக்குத் தான்தான் பங்காளியாம்! தோப்பு, கண்மாய், ஊர்க்கோயில் முதல் மரியாதை எல்லாம் தனக்கே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனு. ஜமீன் நிலத்தில் குடியிருக்கும் நாற்பது வீட்டுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்.

அவர் பங்காளியே இல்லை என்று சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் சங்கையா.

கிணற்றடியில் சங்கையாவின் மகள் காளீஸ்வரி அழத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து ஊரே கோயில் கொடைத் திருவிழாவுல கெடந்துச்சு சார். அப்பாவ யாரும் பாக்கல. அடுத்த வாரம் வீட்ட இடிக்க வாராகளாம். நாப்பது குடும்பமும் எங்க போகும்?"

சமுத்திரம் குனிந்து கிணற்றடிக் கல்லைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மாலை நாலு மணி. ராஜபாளையம் ஸ்டேஷன். உக்கிரபாண்டி வேட்டி கசங்காமல் உட்கார்ந்தார்.

"நேத்து காலையில பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"நேரத்தத்தான் கேட்டேன்."

"கொடையில, சாமிக்கு முன்னால நின்னேன். பூசாரி எனக்குத்தான் பரிவட்டம் கட்டுனாரு. ஒரு வருசம் விட்டாலும் உரிமை போயிரும்ல? இந்தாங்க வீடியோ."

செல்போனுக்குள் தலையில் பட்டுத்துணியோடு சிரித்தார்.

"அப்படியே கைப்பட எழுதிக் குடுங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். வாசித்துவிட்டு சமுத்திரம் கொட்டாவி விட்டார்.

"நாச்சியார் செத்து நேத்தோட எட்டு நாள். பதினாறு கழியிற வரைக்கும் தீட்டு. பங்காளி எவனும் கோயில் வாசல மிதிக்க மாட்டான்."

உக்கிரபாண்டியின் முகம் வெளுத்தது.

"அப்ப… நான் கோயிலுக்கே போகலைன்னு மாத்திருவோம்."

"மாத்துங்க. ஆனா சங்கையா உசுரு போனது பத்து மணிக்கு. பொறவு அந்த நேரம் எங்க இருந்தீங்கன்னு நான் கேப்பேன்."

மேஜை மேலிருந்த சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார் உக்கிரபாண்டி.

"நான் பங்காளி இல்ல சார். ஆசைப்பட்டு வந்துட்டேன். தீட்டு ஞாபகமே வரல…"

"சொந்தமா இருந்தா வந்திருக்கும். அதையும் எழுதுங்க."

ரெண்டு சாட்சிகளோடு அதுவும் கையெழுத்தானது. சமுத்திரம் ஜெபக்குமாரைக் கூப்பிட்டார்.

"காளீஸ்வரிகிட்டச் சொல்லு. வீட்ட இடிக்க யாரும் வரமாட்டாங்க. நாப்பது பேரும் பட்டாவுக்கு மனு போடட்டும்."

உக்கிரபாண்டி மெல்லக் கேட்டார்.

"அப்ப எம்மேல கொலைக்கேஸ் இல்லையே?"

"கொலையா? சங்கையாவுக்கு மாரடைப்பு. விழுந்ததுல நெத்தி கல்லுல மோதியிருக்கு. டாக்டர் மத்தியானமே சொல்லிட்டாரு."

உக்கிரபாண்டி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"பிறகு எதுக்குய்யா என்னை வரச் சொன்னீரு?"

சமுத்திரம் பேனாவை மூடினார்.

"நாச்சியார் வீட்டுக்கு நீங்க பங்காளின்னு கேள்விப்பட்டேன். துக்கம் விசாரிக்கலாம்னுதான்."