ஐந்தாவது மேஜையின் பொட்டு

அன்னம்மாள் இருமி முடிக்கும் வரை குமாரசாமி காத்திருந்தார். இன்சூரன்ஸ் சர்வேயராக முப்பது வருடம் பொய் கேட்டுப் பழகி, இப்போது வழக்குகளுக்குத் துப்பு விசாரித்துக் கொடுப்பவர், அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் உதவியாளர் சுகாசினிக்குத்தான். புதிதாகச் சட்டம் முடித்தவள், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் பார்டர் வரைபவள் அன்னம்மாள். ஜூன் மாதம் அங்கே ஐந்து புது மேஜைகள் வந்தன. பலகை ஒட்டிய பசையிலிருந்து கிளம்பிய ஃபார்மால்டிஹைடு நெடி, ஜன்னலில்லாத தனியறையில் இருந்த அவளைத்தான் முதலில் பிடித்தது. ஆயுத பூஜையன்று காலையில் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அறைச் சாவி அவள் பையிலேயே இருந்துவிட்டதாம். பூஜைப் பொரிகூடக் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டாள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும், மேஜை விற்ற ஆனந்தராஜ் பரிசோதனைக்குத் தாராளமாக ஒப்புக்கொண்டார். அவள் விடுப்பில் இருக்கும்போதே அவளுடைய மேஜையில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். நஞ்சு இல்லை என்று முடிவு வந்தது. அவள் குமாரசாமியிடம் வந்த அன்று மாலைதான் ராஜிப் பத்திரத்தில் கையெழுத்து. மருத்துவச் செலவு தருவார்கள். மேஜைகளில் குறையில்லை என்று அவள் எழுதித் தர வேண்டும்.

"நான் எழுதிக் குடுத்துட்டா மத்த நாலு மேஜையும் அங்கயே இருக்கும் சார். கூட வேலை செய்யுற ஜீவிதா ஆறு மாசம் முழுகாம இருக்குது. அதுல ஒரு மேஜையிலதான் உக்காந்துக்கினு இருக்குது," என்றாள்.

மதியம் அலுவலகம் போனார்கள். சுகாசினி அன்னம்மாளின் மேஜையை முகர்ந்து பார்த்தாள். நெடியே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. குமாரசாமி குந்தி உட்கார்ந்து இழுப்பறையைப் பார்த்தார். அதன் முகப்பில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். மற்ற நான்கு மேஜைகளிலும் அதே இடத்தில் அதே பொட்டு.

மேனேஜர் வரதராஜனை விசாரித்தார். அன்னம்மாளின் அறைக்கு இருந்தது ஒரே சாவி; அது வந்ததே பூஜை முடிந்து பத்து நாள் கழித்துத்தான். அதன் பிறகும் அறை பூட்டியே கிடந்தது. பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் ஆனந்தராஜ் திருகு இறுக்க வேண்டும் என்று இரண்டு ஆட்களோடு வந்தார். வாசலில் டெம்போ நின்றது. வரதராஜன் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாலையில் எல்லோரும் வரவேற்பறையில் கூடினார்கள். ஜூனில் கொடுத்த மேஜைதானா அது என்று குமாரசாமி கேட்டார்.

"அதே மேஜைதான் சார். பூஜைக்கு வச்ச பொட்டுகூட அப்படியே இருக்குதே," என்றார் ஆனந்தராஜ்.

"அதனாலதான் அது வேற மேஜைன்றேன். பூஜையன்னிக்கு அந்த ரூம் பூட்டிக் கிடந்தது. சாவி ஆஸ்பத்திரில. உள்ள யாரு போய்ப் பொட்டு வச்சாங்க? இந்த ஊர்ல பொட்டு இல்லாத மேஜையைப் பாத்தா சந்தேகம் வரும்னு, மத்த நாலையும் பாத்து நீங்களே வச்சிருக்கீங்க. நல்ல பலகையில மேஜை செய்யவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

ஆனந்தராஜ் வரதராஜனைப் பார்த்தார். பழைய மேஜை தன்னுடைய முசரவாக்கம் குடோனில் இருப்பதாக ஆனந்தராஜ் கடைசியில் ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ராஜியை வேறு மாதிரி எழுதலாமே, எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லம்மா என்றார்.

அன்னம்மாள் பத்திரத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அத்த அப்புறம் பேசலாம். மொதல்ல ஜீவிதாவ அந்த மேஜையில இருந்து எழுப்பிக் கூட்டிக்கினு வாங்க."

சுகாசினி அதற்குள் பாதி வழி போய்விட்டிருந்தாள்.