கடைசிப் பாட்டில் ஒரு முனகல்

"என் தம்பி எங்கம்மா சாவை வச்சுப் பாட்டுப் போட்டிருக்கான்," என்றாள் வந்தவள். நாற்காலி காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை.

வக்கீலம்மா கையை நீட்டி நாற்காலியைக் காட்டினார். நீதிமன்றம் போவதை நிறுத்திவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் அவருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர் அவருடைய கணவரின் தம்பி. இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு அண்ணிக்கு ஒத்தாசையாக வந்து ஒட்டிக்கொண்டவரை எல்லோரும் இன்னும் ஏஜென்ட் என்றே அழைத்தார்கள். எந்த வழக்கு வந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பான ஆளை.

வந்தவளோடு அவள் கணவனும் வந்திருந்தான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். கைக்குட்டையிலிருந்து சென்ட் வாசனை வந்தது.

"தம்பி பாடகரா?" என்றார் வக்கீலம்மா.

"ராப் பாடுறவன். மூட்டைப்பூச்சின்னு பேர் வச்சிருக்கான். நாலு பேரோட சேந்து பாடிக்கிட்டிருந்தவன் இப்பத் தனியா முதல் ஆல்பம் போட்டிருக்கான். பேரு 'சீழ்'. பேரே விளங்குதா பாருங்க. எல்லாப் பாட்டுலயும் திட்டு, ரத்தம், அழுகல். அது அவன் இஷ்டம். ஆனா கடைசிப் பாட்டைக் கேளுங்க."

போனில் பாட்டு ஓடியது. சாக்கடைக் குழாய்க்குள் யாரோ இரும்பால் அடிப்பதுபோல் ட்ரம். அதற்கடியில் ஒரு முனகல். பதிவின் வேகத்தைக் குறைத்திருந்ததால் ஆணா பெண்ணா என்றுகூடப் பிரியாத தடித்த குரல். ஒவ்வொரு முனகலுக்குப் பின்னும் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு மெல்லிய விசில். பிறகு, "தண்ணி தா". உடனே டமார் என்று ஓர் அடி. அதன்மேல் மூட்டைப்பூச்சியின் கத்தல்.

ஏஜென்டுக்கு வாயில் எச்சில் கசந்தது. தேநீரைத் தள்ளி வைத்தார்.

"அந்த விசில் எங்கம்மாவோடது. ராப்பகலாக் கேட்டவளுக்குத் தெரியாதா? 'தண்ணி தா'ன்னு கேக்குறா. ஒரு வாய் குடுக்காம அதைப் பதிவு பண்ணியிருக்கான்!"

கணவன் அவள் தோளைத் தொட்டான். "நான்தான் மேடம் இவளைச் சமாதானப்படுத்திக்கிட்டு இருக்கேன். மச்சான் ஒரு மாதிரி, கிறுக்கு. அவன் ஆல்பத்துக்கு மேனேஜரே நான்தான். ஆனா முடிஞ்ச பாட்டை இணையத்துல ஏத்துறதோட என் வேலை சரி. உள்ள என்ன கலக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. நடந்தது நடந்துபோச்சு, விடுன்னுதான் சொல்றேன். இருந்தாலும் அத்தை 'தண்ணி தாங்க'ன்னு கெஞ்சுறதைக் கேட்டா எனக்கே வயித்தைப் பிசையுது."

"அம்மாவை யார் யார் பாத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்லதான் இருந்தா. முழுக்க நான்தான். படுக்கைப் புண் வந்து முதுகே குழியாப் போச்சு. அந்த நிலைமையில வெளியாள் யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டா. தம்பி எப்பவாவது வருவான். அவன் பாட்டுக்குத் தாளம், பீட் போடுற கூட்டாளி வருவான், சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுச் சோறு தின்னவன். இவருக்கு அந்தப் புண் வாடை ஆகாது. வாசப்படியிலயே நின்னு விசாரிப்பார். அம்மாவும் 'நீங்க உள்ள வராதீங்க, போய்ச் சாப்பிடுங்க'ம்பா."

அவர்கள் போனதும் ஏஜென்ட் எழுந்தார். "இதுல துப்பறிய என்ன இருக்கு அண்ணி? பெத்த தாயோட முனகலை வித்திருக்கான் படுபாவி."

"அவனைப் பாத்துட்டு வந்து திட்டலாம், வாங்க," என்றார் வக்கீலம்மா.

மூட்டைப்பூச்சியின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய தோல் கிடங்கு. தோலெல்லாம் போய்விட்டது, வாடை போகவில்லை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அவற்றின் குழிகளில் கரப்பான்கள் குடித்தனம் நடத்தின. மைக்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் என்றோ சாப்பிட்டு மிஞ்சிய கோழி எலும்பும் குழம்பும் நுரைத்துக்கொண்டிருந்தன. ஏஜென்ட் மூக்கைச் சட்டைக் காலருக்குள் புதைத்துக்கொண்டார்.

"இந்த நாத்தம் இல்லன்னா அவனுக்குக் கோபம் வராதுங்க," என்றான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பீட்காரன். "எனக்குப் பழகிடுச்சு."

மூட்டைப்பூச்சி இறைச்சிக் கடைக்காரர்களின் ரப்பர் ஏப்ரனோடு ஒரு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஒடிசலான உடம்பு. சொறிந்து சொறிந்து புண்ணான முழங்கை.

"அக்கா அனுப்பிச்சாளா?" என்றான். "நான் வைக்கல. சொன்னா நம்ப மாட்டேங்குறா. இவன் வச்சதுன்னு நெனச்சேன்."

"நான் அவன் வச்சதுன்னு நெனச்சேன்," என்றான் பீட்காரன்.

ஏஜென்ட் பொறுமையிழந்தார். "ஒரே கூரைக்குக் கீழ வேலை பாக்குறீங்க. ஒருத்தனை ஒருத்தன் கேக்க மாட்டீங்களா?"

"எங்கங்க கேக்குறது? ஆல்பம் முடியிற வரைக்கும் பேச மாட்டேன்னுட்டான். கோபம் வீணாப் போயிடுமாம். மைக் முன்னாடி மட்டும்தான் வாயத் திறப்பான். மத்ததுக்கெல்லாம் தலையாட்டுறதுதான். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இணையத்துல ஒரு ஃபோல்டர் இருக்கு. திறந்து பாத்தேன், 'முனகல்'னு ஒரு ஃபைல் கிடந்துச்சு. வேகத்தைக் குறைச்சு ட்ரம்முக்கு அடியில வச்சுப் போட்டுக் காட்டினேன். தலையாட்டினான். சரின்னு அப்படியே விட்டுட்டேன்."

"அந்த ஃபோல்டரை வேற யார் திறக்கலாம்?"

"அக்கா வீட்டு மாமா திறப்பார். அவர்தான பாட்டை எடுத்து ஏத்தணும்."

"அதை எனக்கு ட்ரம் இல்லாம, வேகம் குறைக்காம, வந்தது வந்தபடி போட்டுக் காட்டுங்க," என்றார் வக்கீலம்மா.

பீட்காரன் பொத்தானைத் தட்டினான். இப்போது அது தெளிவான ஒரு பெண்குரல். மூச்சுக் காற்று மைக்கில் பட்டுப் புஸ் புஸ்ஸென்றது. மூட்டைப்பூச்சி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். குரல் கேட்டது:

"தண்ணி... தாங்க..."

வக்கீலம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகும் பதிவு ஓடியது. டம்ளர் சத்தமில்லை, காலடி இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் நெருங்கி வந்தது.

"போதும்," என்றார். "தம்பி, அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பூச்சின்னு. வாடா பூச்சி, தின்னுடா பூச்சி..." அவன் முழங்கையைச் சொறிந்தான்.

"உங்களை?"

"எருமைன்னு," என்றான் பீட்காரன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எருமை, தண்ணி எடுத்துட்டு வாடான்னு."

வக்கீலம்மா போனை எடுத்து அக்காளையும் கணவனையும் அங்கேயே வரச் சொன்னார்.

கணவன் மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே வந்தான். அக்காள் தம்பியைப் பார்க்காமல் சுவரோரமாக நின்றாள்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் வக்கீலம்மா. "அம்மா இருந்த காலத்துல, நீங்க வெளிய போய், இவர் மட்டும் வீட்ல இருந்தது உண்டா?"

"மருந்து வாங்கப் போவேன். அப்ப இவர் ஹால்ல இருப்பார்," என்றாள் அக்காள்.

"சரி. உங்க போன்ல இருக்குற பாட்டுல அம்மா என்ன கேக்குறாங்க?"

"தண்ணி தான்னு."

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. என் கொழுந்தனாருக்கும் அப்படித்தான். 'தா'ன்னு கேட்டா அது பிள்ளைகிட்டக் கேக்குற பேச்சு. அதனாலதான் நீங்க தம்பியைச் சந்தேகப்பட்டீங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் என் ஆபீஸ்ல உக்காந்து, 'தண்ணி தாங்க'ன்னு அத்தை கெஞ்சுறாங்கன்னு சொன்னார்."

கணவன் சிரிக்கப் பார்த்தான். "என்ன மேடம், ஒரு எழுத்து முன்ன பின்ன..."

"அந்த எழுத்துலதான் ட்ரம் விழுது. வெளியான பாட்டுல 'ங்க' கிடையாது. ட்ரம் இல்லாத மூலப் பதிவுலதான் இருக்கு. முடிஞ்ச பாட்டை மட்டும் தொடுறவருக்கு அது எப்படித் தெரியும்?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அதை விடுங்க. புள்ளையை வாடான்னும், அவன் கூட்டாளியை எருமைன்னும் கூப்பிடுற தாய், அவங்ககிட்ட 'தாங்க'ன்னு மரியாதை குடுத்துக் கேப்பாளா? வெளியாள் யாரும் அந்த ரூமுக்குள்ள வரல. அந்த அம்மா மரியாதை குடுத்துப் பேசின ஒரே ஆள் மாப்பிள்ளைதான். வாசப்படியில நின்னு எடுத்த பதிவும் இல்ல இது. மூச்சு மைக்ல படுது. போனை வாய்கிட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சிருக்கீங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுக்கப் போகிறான் என்றுதான் ஏஜென்ட் நினைத்தார்.

"பாட்டு ஹிட்டா இல்லையா?" என்றான் அவன். "அதைச் சொல்லுங்க முதல்ல. இவன் வாயால அழுகல், சீழ்னு கத்துறான். எல்லாம் வெறும் வார்த்தை. நிஜ வலி ஒண்ணு வேணும்ல? அத்தை எப்படியும் போகப் போறவங்க. அவங்க புள்ளைக்கு ஒரு பேர் வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்கன்னு நெனச்சுக்கோங்களேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நடிகை குரல்னு நானே நாலு இடத்துல சொல்லி வச்சேன்."

அக்காள் வந்து தன் கணவனுக்கு முன்னால் நின்றாள்.

"தண்ணி குடுத்தீங்களா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"அம்மா கேட்டாளே. குடுத்தீங்களா?"

"டம்ளரை எடுத்தா சத்தம் விழும்," என்றான். "அப்புறம் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தூங்கிட்டாங்க."

அவள் குனிந்தாள். அந்தத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் புரள வாந்தியெடுத்தாள். ஏஜென்ட் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவருக்கு அந்தத் தொட்டியின் நாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையிலிருந்து வந்த சென்ட் வாசனைதான் குமட்டியது.

"அக்கா," என்று தம்பி அருகில் வந்தான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீ எப்படிடா அவ குரலைக் கண்டுபிடிக்காம இருந்த?"

"குரலை மாத்தியிருந்துச்சுக்கா. தடிச்சுப்போயி..."

"விசில் மாறலையே. நான் கண்டுபிடிச்சேனே. நீ வந்து ஒரு ராத்திரி அவ பக்கத்துல படுத்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவன் ஏப்ரனைக் கழற்றித் தரையில் போட்டான். பீட்காரனைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்தான். ஒரு பாட்டை அல்ல, எல்லாவற்றையும். பிறகு மூலப் பதிவையும் அழித்தான். பீட்காரன் தடுக்கவில்லை. கணவன் மட்டும், "டேய், பைத்தியக்காரா, உழைப்புடா அது!" என்று பாய்ந்தான். ஏஜென்ட் குறுக்கே நின்றார். வாழ்நாளில் யாரையும் அடிக்காத மனிதர், அன்றைக்கு அடித்திருப்பார். வக்கீலம்மா வேண்டாமென்று தலையசைத்தார்.

அக்காள் தன் கணவனோடு வீட்டுக்குப் போகவில்லை. தம்பியோடும் போகவில்லை. ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லித் தனியாக ஆட்டோ ஏறினாள்.

வக்கீலம்மாவும் ஏஜென்டும் பஸ்ஸில் திரும்பினார்கள். ஆபீஸ் விட்ட நேரம், நிற்க இடமில்லை. "போலீஸுக்குப் போனா என்ன கேஸ் போடுவாங்க அண்ணி?" என்று ஏஜென்ட் கேட்டார்.

"தண்ணி குடுக்காததுக்கா?" என்றார் வக்கீலம்மா. "அதுக்கு நான் படிச்ச எந்தச் சட்டத்துலயும் இடமில்ல."

முன் இருக்கையில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் பக்கத்து ஆளுக்கு போனைக் காட்டிக்கொண்டிருந்தார். ட்ரம் அடித்தது. அதற்கடியில் முனகல்.

"நெட்ல இப்பத் திடீர்னு தூக்கிட்டாங்களாம். நல்லவேளை, நான் முன்னாடியே இறக்கி வச்சுட்டேன்," என்றார் அவர். "இந்தப் பொம்பள முனகுது பாருங்க, யாரோ நடிகையாம். என்னமா நடிச்சிருக்கா!"

ஏஜென்ட் மணிக்கயிற்றை இழுத்தார். அவர்கள் இறங்கவேண்டிய இடம் இன்னும் வெகுதூரம் இருந்தது. பஸ் நின்றதும் வக்கீலம்மா ஒன்றும் கேட்காமல் அவருக்கு முன்னால் இறங்கிவிட்டார்.