மணல் கொத்தளம்

பிணத்தின் விரல்களில் செம்புத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

லம்பெர்ட்! ஊரிலேயே பெரிய செதுக்கு வேலைக்காரன். பட்டறை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தான்... முதுகில் கத்திக்குத்து.

செம்புத் தகட்டைக் காணோம்!

ஸ்பெயின் படை ஊரை வளைத்து எழுபது நாள். வடக்கு வாசலின் இருபுறமும் அச்சு அசலாக இரண்டு கொத்தளங்கள். அதில் ஒன்றுக்குள் வெறும் மணல் என்பது ஊரறிந்தது; எது என்பது நாலு பேருக்குத்தான் தெரியும். மணல் கொத்தளத்துக்குச் சிலுவைக் குறி போட்டு, உதவிப் படைக்கு அனுப்ப லம்பெர்ட் அந்தத் தகட்டில் கோட்டைப் படம் செதுக்கிக்கொண்டிருந்தான். தாளில் வரைந்த மூலத்தை ரகசியம் கருதி எரித்துவிட்டான். அச்சு இன்னும் போடவில்லை.

அந்தத் தகடு பகைவன் கைக்குப் போனால்... மணலுக்கு அடியில் சுரங்கம், வெடிமருந்து. ஊரே காலி!

காவல் அதிகாரி டிர்க் வியர்த்துப்போய் நின்றார். லம்பெர்ட்டின் மனைவி மெக்டெல்ட் அழக்கூட இல்லை.

கேப்டன் ரூட்கர் துக்கம் விசாரிக்க வந்தான். முற்றுகையைத் தாண்டி, உதவிக்கென்று ஆட்களோடு நேற்றுதான் ஊருக்குள் வந்தவன். வடக்குச் சுவர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

“கவலைப்படாதீங்கம்மா. மேற்குக் கொத்தளத்துல என் ஆளுங்களை நிறுத்தறேன். மணலா இருந்தாலும் காப்பாத்திடலாம்.”

மெக்டெல்ட் நிமிர்ந்தாள்.

“மேற்குன்னு யார் சொன்னாங்க?”

“ஊர்ல பேசிக்கறாங்க...”

“எதுன்னு ஊருக்குத் தெரியாது. தெரிஞ்ச நாலு பேரும் கிழக்குன்னுதான் சொல்வாங்க. செம்புல இடம் வலமா மாத்தித்தான் செதுக்குவோம், அச்சுல நேராயிடும். மேற்குன்னு காட்டறது அந்தத் தகடு ஒண்ணுதான்.”

ரூட்கரின் கை வாளுக்குப் போனது. டிர்க்கின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். சட்டைக்குள்... தகடு!

ரூட்கர் சிரித்தான். தகட்டின்மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து, காலையிலேயே ஸ்பெயின்காரனுக்கு அனுப்பிவிட்டானாம். டிர்க்குக்கு உயிரே போய்விட்டது.

“அனுப்பட்டும் ஐயா. தேய்ச்சு எடுத்தா தகட்டுல இருக்கற மாதிரியேதான் விழும், மேற்குன்னு” என்றாள் மெக்டெல்ட். “எழுத்து இருந்தா இடம் வலமா மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சிருப்பான். எழுத்துப் பொறிக்கறது எப்பவும் கடைசியிலதான். அவரை அதுவரைக்கும் இவன் விட்டு வைக்கலையே.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள்.

மேற்குக் கொத்தளத்தின் அடியில் ஊற்று. ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும்.

மூன்றாம் நாள். ஸ்பெயின் சுரங்கத்திலிருந்து தண்ணீர் பீறிட்டது! ஆட்கள் சொட்டச் சொட்ட ஓடிவந்தார்கள்.

டிர்க் சுவர்மேல் நின்று பார்த்தார். விலங்கோடு நின்ற ரூட்கரிடம் மெதுவாகக் கேட்டார்.

“கேப்டன்... உங்க ஆளுங்களுக்குத் தலை துவட்ட துண்டு அனுப்பட்டுமா?”