மின்னியின் மடங்கிய காது

கள்ளக்குறிச்சியில் செவ்வந்தி என்று ஒரு பெண் இருந்தாள். ஆறாம் வகுப்பு படித்தாள். படக்கதைப் புத்தகம் கையில் இருந்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் டி.வி. இருந்த காலம் அது. மாதம் பிறந்தால் 'கரிச்சான் காமிக்ஸ்' பஸ் ஸ்டாண்டு கடையில் வந்து கயிற்றில் தொங்கும். செவ்வந்தி அட்டையை மட்டும் நின்று பார்த்துவிட்டு வருவாள். புதுப் புத்தகம் வாங்க அவள் வீட்டில் வழியில்லை. ஆனால் எந்தப் புத்தகமும் என்றைக்காவது ஒருநாள் சுப்புராயன் மாமாவின் பழைய பேப்பர் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

பள்ளி விட்டதும் அந்தக் கடைக்குப் போவாள். செய்தித்தாள், நோட்டு, அட்டை என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பாள். குவியலில் கரிச்சான் காமிக்ஸ் அகப்பட்டால் அது அவளுக்கு. அதுதான் கூலி.

கிழிந்த அட்டையை ஒட்டுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க நடுநடுவே வேப்பிலை வைத்து, ஓர் அரிசிச் சாக்கில் அடுக்குவாள். வீட்டில் யாரும் அந்தச் சாக்கை நகர்த்தக்கூடாது. ஒருமுறை அப்பா பிச்சைமுத்து தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பாவம், அன்று முழுக்க மகளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

கரிச்சான் காமிக்ஸின் நாயகி குதிரைக்காரி வேலாயி. மழை கொட்டினாலும் ஆற்றில் வெள்ளம் போனாலும் மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகிறவள். அவளுடைய குதிரை மின்னி. கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இவர்களைத் தெரியும்.

செவ்வந்திக்கு மட்டும் இன்னும் இரண்டு பேரைத் தெரியும். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், 'கதை: தனசேகரன், ஓவியம்: அம்சா' என்று போட்டிருக்கும். அதை அவள் ஒருமுறைகூடப் படிக்காமல் விட்டதில்லை.

அம்சா வரையும் மின்னிக்கு இடது காது எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். தூங்கும்போதும் அப்படித்தான், பாய்ந்து ஓடும்போதும் அப்படித்தான். அந்தக் காதுக்காகவே செவ்வந்திக்கு அம்சாவைப் பிடிக்கும். மெட்ராஸில் ஒரு மாடி வீட்டில், மின்விசிறிக்கு அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் வரைவார் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஒருநாள் குவியலில் கிடைத்த புத்தகத்தைத் திறந்தவளுக்கு என்னவோபோல் இருந்தது. மின்னியின் இரண்டு காதுகளும் விறைப்பாக நின்றன. வேலாயியின் முகம் கடைப் பொம்மையின் முகம்போல இருந்தது. அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஓவியம் என்ற இடத்தில் வேறு பெயர். அடுத்த மாதப் புத்தகம் கிடைத்தபோது அதிலும் அந்த வேறு பெயர்தான்.

"மாமா, அம்சாவுக்கு இன்னா ஆச்சு?" என்று சுப்புராயனிடம் கேட்டாள்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது யாரும்மா, உன்கூடப் படிக்கிற பொண்ணா?" என்றார்.

பள்ளியில் சிநேகிதிகளிடமும் கேட்டுப் பார்த்தாள். யார் வரைந்தால் என்ன, கதைதான் வருகிறதே என்றார்கள். செவ்வந்தி வீட்டுக்கு வந்து, பழைய புத்தகங்களைச் சாக்கிலிருந்து எடுத்து, மடங்கிய காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிச்சைமுத்து சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர். புதுப்படம் வந்தால் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரைக்கும் போய் ஒட்டிவிட்டு வருவார். கோடை விடுமுறையில் செவ்வந்தியும் அவரோடு கிளம்பினாள். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பசை வாளி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது அவள் வேலை.

வெள்ளிமலையில் இறங்கியதும் அப்பா ஒரு கடைச் சுவரில் பசை தடவ ஆரம்பித்தார். செவ்வந்தி வேடிக்கை பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தாள். பால்வாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் வெளிச் சுவர் முழுக்கப் படங்கள். ஆடு, சேவல், யானை. அவற்றுக்கு நடுவே நிஜக் குதிரை அளவுக்கு ஒரு குதிரை.

அதன் இடது காது மடங்கியிருந்தது.

திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர் முகத்தைக் கண்டுபிடித்தவள்போல செவ்வந்தி அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பால்வாடி டீச்சர் இடது கையில் கரண்டி பிடித்துப் பரிமாறிக்கொண்டிருந்தார். சுவரில் குதிரையை வரைந்தது யார் என்று செவ்வந்தி கேட்டாள். தான்தான் என்றார் அவர்.

"டீச்சர், நீங்க அம்சாவா?"

கரண்டி பாதியில் நின்றது. "என் பேரு அம்சவள்ளி. அம்சான்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. மின்னியோட காதப் பாத்தேன்."

அம்சவள்ளி கரண்டியை வைத்துவிட்டு, அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்தார். பிள்ளைகளில் ஒருவன் இன்னும் குழம்பு வேண்டும் என்று தட்டைத் தட்டினான். அது அவர் காதில் விழவே இல்லை.

பிறகு மெல்லச் சொன்னார். இத்தனை வருடமும் வேலாயியை அவர் வரைந்தது இந்த மலையில்தான். வரைந்து தபாலில் அனுப்புவார். போன மழைக்காலத்தில் அவர் வந்த ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. வலது கை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மூன்று விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மெல்லிய பேனா முனையைப் பிடிக்க முடியவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் தனசேகரனுக்கு அவரே எழுதிவிட்டார்.

"வேற ஒருத்தர் வரையறாரு. புத்தகம் நிக்காம வந்துக்கினுதான் இருக்குது. யாருக்கும் வித்தியாசம் தெரியலன்னு நெனச்சிக்கினேன்" என்றார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சிதுக்கா" என்றாள் செவ்வந்தி.

டீச்சர் என்று கூப்பிட்டவள் எப்போது அக்கா என்று மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்சாவைப் பார்த்தால் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக அவள் மனதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஜொரம் வந்து படுத்துக்கினு இருந்தேன்கா. கசாயம் வாயிலயே நிக்கும், உள்ள போவாது. அப்போ வேலாயி வெள்ளத்துல மாட்டிக்கிற கதைய எங்கம்மா எதிர்ல பிரிச்சி வெச்சாங்க. மின்னி கரை ஏர்ற பக்கத்தப் பாத்துக்கினே குடிச்சேன். நீங்க வரைஞ்சதாலதான் அது உள்ள போச்சி."

அம்சவள்ளி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவரில் மட்டும் எப்படி வரைந்தீர்கள் என்று செவ்வந்தி கேட்டாள். அவர் ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார். அதன் காம்பில் கந்தல் துணி சுற்றி உலக்கைபோல் தடியாக்கியிருந்தது. அதை விரலால் பிடிக்க வேண்டியதில்லை. கைக்குள் செருகிக்கொண்டு, தோளை அசைத்து வரைந்தால் போதும். ஆனால் அப்படி வரைந்தால் பெரிதாகத்தான் வருகிறது. புத்தகத்துக்குச் சின்னதாக அல்லவா வேண்டும் என்றார்.

செவ்வந்தி யோசித்தாள். வாசல் வழியே பார்த்தால் எதிர்ச் சுவரில் அப்பா கதாநாயகனின் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நெற்றி ஒரு தாளில், மீசை இன்னொரு தாளில்.

"அக்கா, அங்க பாருங்க. போஸ்டர்ல அந்த மூஞ்சி நம்ம வூட்டுக் கதவு ஒசரம் இருக்குது. அதே படந்தான் பேப்பர்லயும் வருது. அதுல தீப்பெட்டி ஒசரந்தான். சின்னதாக்கறது அச்சடிக்கிறவங்க வேலைதானே? அத நீங்க ஏன் செய்யணும்?"

அம்சவள்ளி போஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அச்சகத்தில் படத்தைச் சிறிதாக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முன்பும் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் வரைந்து அனுப்புவார். ஆனால் கதவு அளவுக்கு யாரும் அனுப்பியதில்லை. அவ்வளவு பெரிய தாளுக்கு எங்கே போவது என்று கேட்டார்.

செவ்வந்தி அப்பாவிடம் ஓடினாள். முந்தைய படத்தின் மிச்சப் போஸ்டர்கள் சில அவர் பையில் கிடந்தன. பின்பக்கம் வெறும் வெள்ளை.

"படம் வரையறதுக்கா? அதான் முன்பக்கம் படம் இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே பிச்சைமுத்து எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையைத் துடைத்துப் போஸ்டரைக் கவிழ்த்து விரித்தார்கள். அம்சவள்ளி முழங்காலிட்டு உட்கார்ந்து கறுப்பு மையில் பிரஷ்ஷைத் தோய்த்தார். முதல் கோடு நடுங்கியது. இரண்டாவது கோடு நன்றாக விழுந்தது. பிறகு தோள் வேகமாக அசைந்தது. குதிரையின் வயிறு வந்தது, பாயும் கால்கள் வந்தன, கழுத்து வந்தது. அதோடு தாள் முடிந்துவிட்டது. தலை வைக்க இடமில்லை.

அம்சவள்ளி பிரஷ்ஷைக் கீழே போட்டார். "பாத்தியா? இது ஆவாது பாப்பா. பழக்கம் வுட்டுப்போச்சு."

செவ்வந்தி, வேலை முடித்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் வாளியிலிருந்து மிச்சப் பசையை வழித்து, இன்னொரு போஸ்டரின் ஓரத்தில் தடவி, கழுத்து முடிந்த இடத்தில் சேர்த்து ஒட்டினாள். கையால் நீவிவிட்டாள். அப்பாவோடு சுற்றியதில் அந்த வேலை அவளுக்கு நன்றாக வரும்.

"இப்போ எடம் இருக்குதுக்கா" என்றாள்.

தலை வந்தது, முதுகில் வேலாயி வந்தாள். கடைசியில் இடது காது வந்தது. அது மடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, குழம்பு கேட்ட பையன் மைக் கிண்ணத்தில் கால் வைத்து, குதிரைக்குப் பின்னால் படத்தின்மேலேயே நடந்து போனான். தாளில் குட்டிக் குட்டியாகக் கறுப்புக் கால்தடங்கள். செவ்வந்திக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அம்சவள்ளி குனிந்து பார்த்தார். ஒவ்வொரு தடத்தையும் சுற்றி ஒரு சுழி போட்டார். மின்னியின் குளம்பிலிருந்து கிளம்பும் புழுதி அது.

வாசலில் காலி வாளியோடு உட்கார்ந்திருந்த பிச்சைமுத்து எழுந்து வந்து பார்த்தார். "இத்தன வருசமா ஒட்டறேன். இப்படி ஒரு குதிரைய நான் எந்தச் சுவத்துலயும் ஒட்டினதில்ல" என்றார்.

படத்தைச் சுருட்டித் தனசேகரனுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதற்கப்புறம் பல வாரங்கள் பதில் இல்லை. பள்ளி திறந்துவிட்டது. செவ்வந்திக்கு உள்ளூரப் பயம். சும்மா இருந்தவரிடம் ஆசை காட்டிவிட்டோமோ, ஆசிரியர் முடியாது என்று சொல்லிவிட்டால் அக்காவின் மனது என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வாள். சாக்குப் பக்கமே அவள் கை போகவில்லை.

ஒரு மாலை வெள்ளிமலை பஸ்ஸின் கண்டக்டர், பஸ் ஸ்டாண்டில் பிச்சைமுத்துவைப் பார்த்து அம்சவள்ளி சொல்லியனுப்பிய சேதியைச் சொன்னார். ஆசிரியருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. அச்சகக் காமிராவில் சிறிதாக்கினால் கோடுகள் பளிச்சென்று வருகின்றன. முழுக் கதையையும் இப்படியே வரைந்து அனுப்பச் சொல்லிவிட்டார். எழுத்துகளை அவர்களே போட்டுக்கொள்வார்கள். இப்போது வரைகிறவர் வேறொரு கதைக்குப் போகிறார். ஒரே ஒரு சிரமம்தான். அச்சகத்து ஆட்கள் தாளைத் திருப்பிப் போட்டுக் கதாநாயகனை ரசித்துக்கொண்டு நின்றதில் ஒருநாள் வேலை கெட்டுவிட்டதாம்.

கண்டக்டர் சொன்னதை அப்பா வந்து சொல்லி முடிப்பதற்குள் செவ்வந்தி வீட்டுக்குள் ஓடி, மிச்சப் போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அது மறுநாள் காலை பஸ்ஸிலேயே மலை ஏறியது. பின்னாலும் பல கட்டுகள் ஏறின.

மழை தொடங்கும் சமயத்தில் மறுபடியும் சேதி வந்தது. புத்தகம் வந்திருக்கிறது, செவ்வந்தி வந்தால்தான் பிரிப்பேன் என்று அம்சவள்ளி சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு மலைக்குப் போனாள். நூல்கூட அவிழ்க்காமல் கட்டு அப்படியே இருந்தது. "நீயே பிரி" என்றார் அம்சவள்ளி.

செவ்வந்தி பிரித்தாள். அவள் கையில் எடுத்த முதல் புதுப் புத்தகம் அது. அட்டை வழவழவென்று இருந்தது. மை வாசனை அடித்தது. அட்டையில் வேலாயியைச் சுமந்துகொண்டு மின்னி புழுதி பறக்கப் பாய்ந்துகொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். குழம்புப் பையன் இடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். புழுதியைக் காட்டி, அது உன் கால்தான் என்று செவ்வந்தி சொன்னபோது அவன் நம்பவில்லை. தன் காலைத் தூக்கிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தான். என் கால் இவ்வளவு சின்னதில்லை என்று கோபித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்களே படிச்சிக் காட்டுங்க" என்று செவ்வந்தி புத்தகத்தை நீட்டினாள்.

அம்சவள்ளி வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ படி. நான் வரைஞ்சத ஒருத்தர் படிக்கும்போது நான் பக்கத்துல இருந்ததே இல்ல. வரைவேன், அனுப்புவேன், அவ்ளோதான். இன்னிக்கு ஒரு தடவ பாத்துக்கறேன்."

செவ்வந்தி முதல் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். வேலாயி பாலத்தைக் கடந்தபோது அவள் குரல் தாழ்ந்தது. பாறை உருண்டபோது கண்கள் விரிந்தன. மின்னி தாண்டியபோது அவளும் உட்கார்ந்த இடத்திலேயே ஓர் எம்பு எம்பினாள். பிள்ளைகளின் தலைகள் எல்லாம் புத்தகத்தின்மேல் கவிழ்ந்திருந்தன.

அம்சவள்ளி மட்டும் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. செவ்வந்தியின் முகத்தையே கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.